வில்லுக்கு ஒரு முழு இரவு



சங்கரன்கோவில் வட்டாரத்தில் அம்மன் கொடை, மாடன் கொடை என்று கோயில் விழா வந்தாலே வில்லுப்பாட்டு நினைவுக்கு வரும். குடத்தோடு சேர்த்து நிறுத்திய வில், நாணைத் தட்டும் வீசுகோல், குலுங்கும் மணிகள், கூடவே உடுக்கையும் தாளமும். புலவர் பாட, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டு வாங்கிப் பாடுவார். காப்புப் பாடி, குருவை வணங்கி, சாமி பிறந்த கதை தொடங்கும். உச்சக்கட்டம் நெருங்க நெருங்க உடுக்கை வேகமெடுக்கும். சாமியாடிக்கு அருள் வரும். எழுதப் படிக்கத் தெரியாத மக்களும் தங்கள் குலதெய்வத்தின் கதையை இப்படிக் கேட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இப்படிக் கதையைப் பாடிக் காக்கும் வேலையைச் செய்பவர்கள் கிரியோ எனப்படும் பாணர் குடியினர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வரலாறு இவர்கள் நாவில்தான் வாழ்ந்து வந்தது. இவர்களின் கோரா என்ற யாழுக்கு 21 நரம்புகள். 2024இல் மறைந்த மாலிக் கலைஞர் துமானி தியாபாதே, ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைஞர்களோடு சேர்ந்து அந்தக் கோராவை வாசித்து உலகையே கேட்க வைத்தார். ஆண்களே வாசித்துவந்த அந்தக் கருவியைக் கையில் எடுத்த சோனா ஜொபார்த்தே, புதிய பாடல்கள் கட்டுகிறார். காம்பியாவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்துகிறார்.

நம் பக்கத்திலும் அப்படிப் பழைய கலையில் புதுமை செய்த ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், காந்தியின் கதையை வில்லில் பாடினார். கோயில் வாசலில் இருந்த கலையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022இல் அவர் மறைந்த பிறகு, மகள் பாரதி திருமகன் பாடிவருகிறார். 2018இல் காலமான குமரி மாவட்டத்துப் பூங்கனி, சிறு வயதிலேயே வில்லடிக்கத் தொடங்கி ஊர் ஊராகப் பாடியவர். இன்று தென்காசி, நெல்லைப் பக்கம் இளம்பெண்கள் வில்லுக்கு முன் உட்கார்ந்து பாடுவதைக் கைப்பேசியில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

புதுமை சேர்ந்ததால் இந்தக் கலைக்குக் குறை வரவில்லை. கேட்க ஆள் இல்லாமல் போனால்தான் ஆபத்து. விடிய விடிய நடந்த கதையைப் பல ஊர்களில் இப்போது சில மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். மீதி நேரத்தை ஆர்க்கெஸ்ட்ரா எடுத்துக்கொள்கிறது.

உங்கள் ஊரில் அடுத்த கொடைக்கு வரி பிரிக்கக் கூட்டம் போடும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வில்லுக்கு முழு இரவு வேண்டும், கதை முழுதாக வேண்டும். உங்கள் ஊர்ப் புலவர் பாடும் கதையை அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். நாளைக்கு 'ஆமா' போடப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அன்புடன்,
ஆசிரியர்