ரொறன்ரோவுக்குக் கேட்கும் இறைப்பு மெசின்

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்களின் சூட்கேசில், சொக்லேட்டுக்கும் சென்ற் போத்தலுக்கும் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் இருக்கிறது: இரைச்சலை அடக்கும் வயரில்லா ஹெட்போன். புத்தூரில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெறாமகனுக்கு ஒன்று, தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்று. இதைப் போட்டுக்கொண்டு கதைத்தால் இனி ஒரு சத்தமும் இருக்காது என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

பிழை அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஹெட்போன் அடக்குவது, போட்டிருப்பவரின் காதுக்கு வரும் இரைச்சலை. வெங்காயத் தோட்டத்தில் ஓடும் இறைப்பு மெசின் அம்மாவுக்குக் கேட்காமல் போகலாம். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு அது கேட்டபடியே இருக்கலாம். அவருக்குப் போகும் குரலைத் துப்புரவாக்குவது வேறு வேலை. அது மைக்கையும் அதற்கான மென்பொருளையும் பொறுத்தது.

இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது விமானத்துக்காக. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பறக்கும்போது எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் அவதிப்பட்டு, அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பயணிகளுக்கும் ஹெட்போன் கொண்டுவந்தது. வெளிச்சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி, இரண்டையும் மோதவிட்டு அழிப்பதுதான் உத்தி. மாறாமல் ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தத்துக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஆகவே யாழ்ப்பாணம் – பருத்தித்துறை பேருந்தின் எஞ்சின் உறுமல் பெருமளவு அடங்கிவிடும். நடத்துநர் "புத்தூர்ச் சந்தி இறக்கம்" என்று கத்துவது மெலிந்தாலும் வந்து சேரும். மெசினும் ஜெனரேற்றரும் அடங்கும். கோயில் ஒலிபெருக்கியின் நாதஸ்வரம் அவ்வளவு இலகுவில் அடங்காது. அதைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தைதான்.

விலை கூடியவற்றுக்குள் வித்தியாசங்கள் உண்டு. சோனி எக்ஸ்எம்5, 2022இல் வந்தபோது அமெரிக்காவில் 399 டொலர். 250 கிராம், ஒரு சார்ஜில் 30 மணி நேரம். ஆனால் அது மடியாது. 2025இல் வந்த எக்ஸ்எம்6தான் திரும்பவும் மடிகிறது. புத்தகப் பையில் திணித்துப் பேருந்தில் நெரிபடும் மாணவருக்கு இது சின்ன விடயமல்ல. 2023இல் வந்த போஸ் குவயற்கொம்போட் அல்ட்ரா மடியும், 24 மணி நேரம் ஓடும். அப்பிளின் எயார்பொட்ஸ் மக்ஸ் ஏறக்குறைய 385 கிராம். வைகாசி வெக்கையில் அதைத் தலையில் சுமப்பது சுகமான காரியமல்ல. அதன் வசதிகளில் பல அப்பிள் சாதனங்களோடுதான் வேலை செய்யும், இலங்கையில் அப்பிளுக்குச் சொந்தக் கடையும் இல்லை. சென்ஹைசர் மொமென்ரம் 4 ஒரு சார்ஜில் 60 மணி நேரம் ஓடும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

புளூடூத்தில் கூடிய தரத்தில் ஒலியை அனுப்பும் சோனியின் எல்டிஏசி முறைக்காகக் காசு கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஐபோன் அதை ஏற்காது. அன்ட்ரொயிட்டிலும் அது பாட்டுக்கு மட்டுந்தான். அழைப்பு வந்து மைக் திறந்ததும் புளூடூத் வேறு வழிக்கு மாறி, ஒலித்தரம் இறங்கிவிடும்.

பெறாமகனுக்கு வாங்குவதென்றால் 192 கிராம் எடையுள்ள சோனி சிஎச்720என் தாராளமாகப் போதும். வெளியே வந்தபோது அதன் விலை 150 டொலருக்கும் கீழே. இரைச்சல் குறைந்தால் சத்தத்தைக் கூட்டி வைக்கவும் தேவையில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் சைக்கிளில் பருத்தித்துறை வீதிக்கு ஏறும்போது அதைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொல்லியே கொடுக்க வேண்டும். பின்னால் வரும் லொறியின் உறுமலும் அடங்கிவிடும் சத்தங்களில் ஒன்று.

அம்மாவுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். மைக் வாய்க்குக் கிட்டத் தொங்கும் சாதாரண வயர் ஹெட்செற் பல வேளைகளில் அவருடைய குரலை இன்னும் தெளிவாகக் கொண்டுபோகும். சார்ஜ் பண்ணும் கரைச்சலும் இல்லை. அவருடைய போனில் வயர் குத்தும் துளை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.