மதகு எங்கே?

யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணையையும் புங்குடுதீவையும் வாணர் பாலம் இணைக்கிறது. கடலுக்கு மேலேயே ரோடு. கீழே தண்ணீர் போக வழி விட்டிருக்கிறார்கள். கடலில் முடிந்தது, நம் தோட்டத்து ஓடையில் முடியாதா?

இங்கே ட்ரக்டர் மண்ணைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் சும்மா பரப்ப வேண்டுமாம், அதற்குப் பெயர் சிரமதானம்! முதல் மழைக்கே மண் ஆற்றோடு போகிறது. கொழுந்து லொறி போகும் ரோட்டுக்கு மட்டும் மதகு கட்டத் தெரிகிறது. பிள்ளைத்தாய்ச்சியைக் கம்பளியில் தூக்கிப்போகும் லயத்து ரோட்டுக்குத் தெரியாதாம்.

தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தராது என்று பிரதேச சபை இனிக் கைவிரிக்க முடியாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. முதலில் மதகைக் கட்டுங்கள். வேலை செய்கிறவர்களுக்குப் பேர் போடுங்கள். மண் ட்ரக்டர் அதற்குப் பிறகு வரட்டும்.