ஞாபகார்த்தப் போட்டி நடத்துகிற தம்பிமாருக்கு

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வருகிற இடங்களும் உண்டு. கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன கிழமை ஒரு ஞாபகார்த்தப் போட்டிக்கு அழைத்திருந்தார்கள், போனோம். வடமராட்சியில் கடலோரமாக உள்ள ஓர் ஊர். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்தத் தம்பிமார் நல்ல பிள்ளைகள். அவர்கள் செய்வதைத்தான் குடாநாட்டில் வேறு பல கழகங்களும் செய்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன் கடலில் குளிக்கப் போய்த் திரும்பி வராத ஒரு பிள்ளையின் நினைவாக நடக்கிற போட்டி அது. எங்களிடம் படித்தவன். கணக்கில் மந்தம், ஓட்டத்தில் கெட்டிக்காரன்.

காலையில் சைக்கிள் ஓட்டம், பிறகு மரதன். இந்த முறை புதிதாக ரிமோட் கார் ஓட்டமும் வைத்தார்கள். வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்த பிள்ளைகள் கொண்டுவந்த கார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பழைய ரயர்களை வளைவுக்கு வைத்து, வடிவாகத்தான் செய்திருந்தார்கள். ஓட்டினவர்கள் வந்த பிள்ளைகள். கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டினவர்கள் எங்கள் பிள்ளைகள்.

பின்னேரம் பரிசளிப்பு. இடுப்பளவு உயரக் கிண்ணங்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர், ஆளுக்கொரு பொன்னாடை. எல்லாம் முடிந்த பிறகு "வறிய மாணவர்களுக்கான உதவி". பன்னிரண்டு பிள்ளைகளை மேடைக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பையின் ஒரு வாரை விருந்தினர் பிடிக்க, மற்ற வாரைப் பிள்ளை பிடிக்க, கமராக்காரத் தம்பி "இஞ்சால பாருங்கோ" என்றார். நாலாவதாக நின்றது இறந்த பிள்ளையின் தங்கச்சி. அன்றிரவே படம் முகநூலில் வந்துவிட்டது. பிள்ளையின் முகமும் அனுசரணையாளரின் பெயரும் ஒரே அளவு துலக்கமாகத் தெரிந்தன.

இறங்கி வந்த பிள்ளையிடம் நாங்கள் ஒன்றுதான் கேட்டோம். "உனக்கு நீந்தத் தெரியுமா பிள்ளை?"

"இல்லை சேர்."

இதற்காகத்தான் இந்தப் பதிவு. மூன்று வருடம், மூன்று போட்டி. கடலில் மூழ்கிய ஒரு பிள்ளையின் பெயரால் எத்தனையோ கிண்ணங்கள் கொடுத்தாயிற்று. அவன் பெயரால் அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கேனும் நீச்சல் பழக்கவில்லை.

நாங்கள் தொண்டைமானாற்றில் படிப்பிக்கிறோம். யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்து அச்சுவேலியால் பஸ்ஸில் வந்து போகிறோம். எங்களுக்கு இந்தப் படம் எடுக்கும் விசயத்தில் ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட சனத்தின் பிள்ளைகள் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். நிவாரண வரிசையில் நின்றிருக்கிறோம். அரிசி தந்தவர்களுக்கு இன்றைக்கும் துஆச் செய்கிறோம். ஆனால் அரிசிப் பையோடு எங்கள் உம்மாவை நிற்கச் சொல்லிப் படம் எடுத்தபோது அவ முந்தானையால் முகத்தை மறைத்த விதம் முப்பது வருடம் தாண்டியும் கண்ணுக்குள் நிற்கிறது. பசியை மறந்துவிட்டோம், அதை மறக்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி, வாங்கினவன் மனதை நோகடித்தால் அந்தத் தர்மமே பாழாகும் என்பது எங்கள் மார்க்கம்.

மார்க்கத்தை விடுங்கள். தொண்டைமானாற்றுக்குத் தர்மம் செய்ய யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி இருக்கிறது. அன்னதானக் கந்தன் என்றுதான் அந்த முருகனுக்குப் பெயர். மடத்தில் பந்தியில் இருக்கிறவனிடம் நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. சோற்றை வாங்குகிறவனை நிமிர்த்திப் படம் பிடிப்பதும் இல்லை. பசிக்கிறது, சாப்பிடு, அவ்வளவுதான். இப்படி ஒரு வழக்கம் பக்கத்திலேயே இருக்க, மேடை ஏற்றிப் பை கொடுக்கிற பழக்கத்தை எங்கே படித்தோம்?

இன்னொன்றையும் யோசியுங்கள். 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, கோடிக்கரையில் கரையேறினார் மு. நவரத்தினசாமி. பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர். அவர் தொண்டைமானாற்று ஆள். 1971இல் வல்வெட்டித்துறையின் ஆனந்தன் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலம். ஆழிக்குமரன் என்ற பெயர் சும்மா வரவில்லை. 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போன இடத்தில் அவர் உயிர் போனது. இந்தக் கரை வளர்த்த ஆட்கள் இவர்கள். இவர்களுடைய பெயரை நாங்கள் வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். இந்த வருடம் ஒரு வகுப்பில் சொல்லி முடித்துவிட்டு, நீந்தத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றோம். முப்பத்தொரு பிள்ளைகளில் ஆறு கை. ஆறும் பொடியன்கள், தகப்பன்மார் கடற்தொழில் செய்கிறவர்கள். பெண் பிள்ளைகளில் ஒரு கைகூட உயரவில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. நடுவில் நீந்தத் தெரியாத பிள்ளைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் எங்களைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாட்டுக்காரர். இதைத் தடுக்க அந்த நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் பழக்குவது. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு பயிற்றுநர், ஒரு கயிறு, சில மாதம்.

"அப்ப சேர், போட்டியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லை. ஓடுங்கள், நீந்துங்கள், சைக்கிள் ஓடுங்கள், ரிமோட் காரும் ஓடுங்கள். நபியவர்கள் காலத்திலேயே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடந்திருக்கிறது. பழக்கிய குதிரைக்கு ஒரு தூரம், பழக்காத குதிரைக்கு ஒரு தூரம் என்று பிரித்து நடத்தியிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, லவுட்ஸ்பீக்கரில் அவன் பெயர் ஊர் முழுக்கக் கேட்கிற அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது என்று எங்களுக்கும் தெரியும். அதைப் பகிடி பண்ணுகிறவர்கள் நாங்கள் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்கு லவுட்ஸ்பீக்கரை நிற்பாட்டின பிறகு அந்தப் பெயர் எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

அனுசரணை தருகிற அண்ணைமார் பலர் கனடாவில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கேளுங்கள், செப்ரெம்பர் மாதம் பள்ளிக்கூடத்தில் யாருடைய பெயரில் ஓடினாய் என்று. ரெரி பொக்ஸ் என்று சொல்லும். புற்றுநோயில் வலது காலை இழந்த பொடியன். 1980இல், 21 வயதில், செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கறுத்து ஓடத் தொடங்கினான். 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினான். நோய் நெஞ்சுக்குப் பரவியதால் நிற்பாட்ட வேண்டி வந்தது. அடுத்த வருடம் யூனில் இறந்துபோனான். அந்த வருடமே அவன் பெயரில் நினைவோட்டம் தொடங்கியது. அதில் முதலிடம் இல்லை, இரண்டாமிடம் இல்லை, கிண்ணம் இல்லை. வருகிறவர்கள் ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக இன்றுவரை சேர்ந்த காசு 850 மில்லியன் டொலருக்கு மேல். கிண்ணம் வைக்காவிட்டால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று சொல்கிற தம்பிமாருக்கு இதைவிடப் பெரிய பதில் எங்களிடம் இல்லை.

கனடா தூரம் என்றால் தெல்லிப்பழைக்கு வாருங்கள். 2011 யூலையில் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையில் இருந்து நடக்கத் தொடங்கினார்கள், 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து எங்கள் பருத்தித்துறையில் வந்து முடித்தார்கள். 'ட்ரெயில்' என்று பெயர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் நடந்தார்கள். யார் முன்னுக்கு வந்தது, யார் பின்னுக்கு வந்தது என்று எவருக்கும் நினைவில்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை நினைவில் இருக்கிறது, ஏனென்றால் அது அங்கே நிற்கிறது. அந்த நடையில் சேர்ந்த காசுதான் அதன் கட்டடம். முந்தி மகரகமவுக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடின குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கட்டடத்தின் பெறுமதியைச் சொல்வார்கள். 2016இல் அதே நடையை மறுபக்கமாக, பருத்தித்துறையில் இருந்து தெற்கே நடந்தார்கள். அந்த முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக.

எங்கள் கழகங்களிடம் அவ்வளவு காசு இல்லை என்பது தெரியும். வைத்தியசாலை கட்டச் சொல்லவில்லை. இருக்கிற காசு எங்கே போகிறது என்றுதான் கேட்கிறோம். ஒரு போட்டியில் கணக்கெழுத நாங்களும் உதவிக்கு இருந்தோம். கிண்ணம், பந்தல், ஒலி, பதாகை, விருந்தினர் சாப்பாடு, பொன்னாடை எல்லாம் போக மிஞ்சினதில்தான் கொப்பி வாங்கினார்கள். கிண்ணத்துக்குப் போன காசு கொப்பிக்குப் போனதை விடக் கூட. யாரும் களவெடுக்கவில்லை. எல்லாரும் நல்ல மனதோடுதான் செலவழித்தார்கள். எங்களுக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். களவென்றால் பிடித்து நிற்பாட்டலாம். வழக்கத்தை யார் நிற்பாட்டுவது?

"படம் போடாவிட்டால் வெளிநாட்டு அண்ணைமார் காசு தரமாட்டார்கள்" என்பது அடுத்த நியாயம். அண்ணைமாரே, உங்களிடம் நேரே கேட்கிறோம். உங்களுக்கு வேண்டியது காசு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற உறுதிதானே? அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, வங்கிக் கூற்று இருக்கிறது, கணக்கறிக்கை இருக்கிறது. ஒரு பிள்ளையின் முகம் கணக்கறிக்கை ஆகாது. அங்கே உங்கள் பிள்ளையின் படத்தைப் போடப் பள்ளிக்கூடம் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறது. இங்கே எங்கள் பிள்ளைக்கு அந்த மரியாதை வேண்டாமா? படம் வந்த அடுத்த நாள் வகுப்பில் "பை வாங்கினவ" என்று கூப்பிடுவதை நாங்கள்தான் கேட்கிறோம். புதுப் பையை வீட்டில் வைத்துவிட்டு பழைய சொப்பிங் பையில் கொப்பி கொண்டுவருகிற பிள்ளையை நாங்கள்தான் பார்க்கிறோம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக நாங்கள் எழுதவில்லை. அடுத்த வருடம் இந்தக் கரையில் நடக்கப் போகிற போட்டிகளுக்கு நாலு விசயம் கேட்கிறோம்.

ஒன்று: கிண்ணத்தை நிற்பாட்டுங்கள். வென்றவனுக்கு ஒரு சான்றிதழும் சபையின் கைதட்டும் போதும். பொன்னாடையையும் நிற்பாட்டுங்கள்.

இரண்டு: மிஞ்சுகிற காசில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள். வல்வெட்டித்துறையில் ஆனந்தன் பெயரிலேயே நீச்சல் தடாகம் இருக்கிறது. தடாகம் இருந்தால் மட்டும் போதாது. பஸ்ஸுக்குக் காசு, பயிற்றுநருக்குக் கூலி, பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர், அவர்களுக்கென்று ஒதுக்கிய நேரம் எல்லாம் வேண்டும். எங்கள் சமூகத்திலும் பெண் பிள்ளைக்கு நீச்சலா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் கதைக்கிறோம், அது எங்கள் பொறுப்பு. கடல் ஆண் பெண் பார்ப்பதில்லை. மூழ்குகிறவனைக் கண்டால் தானும் குதிக்காமல் கயிற்றையோ வெற்றுக் கானையோ எறிய வேண்டும் என்பதையும் பழக்குங்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இருவராக மூழ்கிய கதைகள் போதும்.

மூன்று: உதவி வாங்குகிற பிள்ளையை மேடை ஏற்றாதீர்கள். அதிபரிடம் கொடுங்கள், வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், இல்லையென்றால் இருட்டுப்பட்ட பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நாலு: வரவு செலவை சனசமூக நிலைய மதிலில் ஒட்டுங்கள். விருந்தினர் பெயர் ஒட்டுகிற அதே இடத்தில்.

நீச்சல் பழக்க நீங்கள் தயார் என்றால் பிள்ளைகளைச் சேர்ப்பதும், பெற்றோரோடு கதைப்பதும், சனிக்கிழமைகளில் கூட வந்து கரையில் நிற்பதும் எங்கள் வேலை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு எந்த நாளும் வந்து கதைக்கலாம். முதலாவதாகச் சேர்க்கப் போகிற பிள்ளை யாரென்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பொடியனின் பெயரை அடுத்த வருடமும் லவுட்ஸ்பீக்கரில் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே, அவன் பெயரால் இந்த வருடம் இத்தனை பிள்ளைகள் நீந்தப் பழகினார்கள் என்று ஒரு எண்ணும் சொல்லுங்கள். பத்து என்றாலும் போதும். கைதட்ட நாங்கள் முன்வரிசையில் இருப்போம்.