'பிலாவிலைக் கஞ்சி'யும் பள்ளுருத்தி வகுப்பறையும்

பள்ளுருத்தி அழகியகாவு பகவதி கோயிலை ஒட்டி ஆண்டுதோறும் தனு மாதத்தின் கடைசி வியாழக்கிழமை ஒரு சந்தை கூடுகிறது. அதன் பெயர் புலவாணிபம். ஆண்டு முழுவதும் விலக்கி நிறுத்தப்பட்ட புலையர்கள் அந்த ஒரு நாள் மட்டும் கோயிலுக்கு வந்து தொழ இசைவு பெற்றிருந்தார்கள் என்பதும், வரும்போது தம் கைவினைப் பொருள்களைக் கொண்டுவந்து விற்றார்கள் என்பதும் ஊர் மரபு. விலக்கு சட்டப்படி ஒழிந்துவிட்டது, சந்தை தொடர்கிறது. ஊர்ப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தை புதிதன்று.

அவர்களின் மலையாளப் பாடநூலில் அண்மைக்காலம் வரை தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'ரண்டிடங்கழி' (1948) நாவலிலிருந்து ஒரு பகுதி 'பிலாவிலைக் கஞ்சி' என்ற தலைப்பில் இடம்பெற்றிருந்தது. குட்டநாட்டுப் புலையர் குடிசை. கோரன், அவன் மனைவி சிருதா, பசியில் ஒடுங்கிய முதிய தந்தை. வயலில் நெல்லை விளைவிப்பவன் கூலியையும் நெல்லாகக் கேட்கிறான். கையில் வைக்கப்படுவதோ காசு. அந்தக் காசுக்கு நெல் கிடைப்பதில்லை.

இப்பகுதி வகுப்பறைக்குள் வந்ததும் என்னவாகிறது? கோரனின் பாத்திரப் படைப்பு, சிருதாவின் பாத்திரப் படைப்பு, ஒரு ரசனைக் குறிப்பு. அன்பு, பொறுமை, தியாகம் என்று மூன்று சொற்கள் கரும்பலகையில் ஏறுகின்றன. எந்த நாவலின் எந்த நல்லவனுக்கும் பொருந்தும் சொற்கள் அவை. வழிகாட்டி நூல்கள் அவற்றைத்தான் அச்சிடுகின்றன. விடைத்தாள் திருத்துபவரும் அவற்றைத்தான் தேடுகிறார். கூலி எங்கோ மறைந்துவிடுகிறது.

இதற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது, அது நேர்மையன்று. 40 நிமிடப் பாடவேளையில் சாதியைப் பேசத் தொடங்கினால் யார் பக்கம் எந்தக் கண்கள் திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். கோரனின் வழித்தோன்றலும் நிலவுடைமையாளன் ஔசேப்பின் வழித்தோன்றலும் ஒரே பெஞ்சில் இருக்கக்கூடிய ஊர் இது. புலவாணிபத்தைப் பற்றி ஒரு மாணவியை எழுப்பிக் கேள்வி கேட்பது இலக்கியம் கற்பித்தல் ஆகாது, கொடுமை. ஆகவே ஆசிரியர் பாசத்தில் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த அச்சம் மதிக்கத்தக்கது. அது சென்றடையும் முடிவு மட்டும் பிழையானது.

பகுதியைச் சொல் சொல்லாக வாசிப்பதே இந்த இக்கட்டிலிருந்து வெளியேறும் வழி. சொல்லைச் சுட்டும் விரல் பிள்ளையைச் சுட்டுவதில்லை. நாவலின் பெயரிலேயே தொடங்கலாம். இடங்கழி ஓர் அளவை: நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. கூலியின் அளவையே நூலின் பெயராக்க ஓர் எழுத்தாளர் ஏன் துணிந்தார்? கூலி காசாக மாறும்போது ஆதாயம் யாருக்கு? பிலா இலையைக் கோட்டிக் கஞ்சி குடிப்பது அந்நாளில் பல வீடுகளின் வழக்கம். அப்படியிருக்க, இந்தக் குடிசையில் அந்த இலை எப்படி வேறு பொருள் கொள்கிறது? இவை எல்லாவற்றுக்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளுருத்திக்குத் தெற்கே கும்பளங்கியிலும் செல்லானத்திலும் பொக்காளி வயல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நெல்லின் கணக்கை ஆசிரியரைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது வெட்டு. பாடப்பகுதி என்பது கத்தரிக்கப்பட்ட துண்டு. இந்நாவலில் கோரன் சங்கம் சேர்க்கிறான், கொலை செய்கிறான், சிறை செல்கிறான். பாடப்பகுதியில் மிஞ்சுவது பசி. போராடுபவனைப் பரிதாபத்துக்குரியவனாக மட்டும் காட்டும் வேலையைக் கத்தரிக்கோல் செய்துவிடுகிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' விடுதலைப் போராட்டக் காலத்துக்குள் நீளும் நாவல். பத்தாம் வகுப்புத் தமிழ் நூலில் அதிலிருந்து விருந்தோம்பல் மட்டும் எடுக்கப்பட்டது. ஆனாலும் அங்கே கேட்கப்பட்ட ஒரு வினா, அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தம் பற்றியது, பாராட்டுக்குரியது. அது மாணவரை ஒரு சொல்லிடம் அனுப்புகிறது.

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிதைகளை எழுதியவர் பெயரின்றி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்த சோதனை, 1929இல் நூலாக வந்தது. சூழலை நீக்கினால் வாசிப்பு கூர்மை பெறும் என்று அதிலிருந்து பாடம் எடுத்தவர்கள் பலர். பள்ளுருத்தியில் சூழலை நீக்க முடியாது. அது வாசலில் சந்தை போட்டு நிற்கிறது. சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டு வாசித்தால் சூழல் தானாக உள்ளே வரும். யாரும் யாரையும் எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை.

வினாத்தாள் அமைப்பவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பாத்திரப் படைப்புக்குப் பதிலாக, காசு கிடைத்த பிறகும் கோரன் ஏன் நெல் கேட்கிறான் என்று கேட்கட்டும். விடைக்கு 6 வரி போதும்.