நாற்பது சதவீத மழைக்கு நூறு சதவீத விடுப்பா?

ஐப்பசி பிறந்தால் எங்கள் சைக்கிள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை இரவு தவறாமல் ஒரு படம் வரும். ஒரு மேகம், கீழே மூன்று சொட்டு. "நாளைக்கு 40 சதவீதம் மழையாம்" என்பார் ஒருவர். "அப்போ அடுத்த வாரம் பார்த்துக்கலாம் சார்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் கும்பிடு போடுவார்கள். அத்துடன் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

இந்த வழக்கம் சரியில்லை என்பது என் கட்சி. 40 சதவீதம் என்றால் அப்படிப்பட்ட நூறு காலைகளில் நாற்பதில் மழை வரும், அறுபதில் வராது என்று பொருள். எவ்வளவு பெய்யும் என்பது அதில் இல்லை. தூறலும் அந்த நாற்பதுக்குள்தான் அடங்கும்.

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால், மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவு. "கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 செ.மீ. முதல் 11 செ.மீ. வரை. நிறங்களும் அப்படியே. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பைப் பாருங்கள். ஆரஞ்சிலும் சிவப்பிலும் சைக்கிளைத் தொடவே கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மஞ்சளைப் பார்த்தே போர்வைக்குள் போய்விடுவதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. "இந்த வயசுல வழுக்கி விழுந்தா யாருப்பா பார்ப்பாங்க?" என்று மகள் கேட்டால் பதில் சொல்வது சிரமம். அறுபது தாண்டிய இடுப்பெலும்பு முறிந்தால் சாதாரணமாகக் கூடாது. ஆகவே துணிச்சலாகப் போய்விடுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. கிளம்பும் முன்பே எங்கே திரும்புவது என்று பேசி வைத்துக்கொண்டு போவோம் என்கிறேன்.

நாங்கள் போவது திருவானைக்காவிலிருந்து கல்லணைக்கு. ஒருபுறம் காவிரி, மறுபுறம் கொள்ளிடம், நடுவே வாழைத்தோட்டங்கள். திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் வரிசையாக வருவதால் ஒதுங்க இடம் கிடைக்கும். உத்தமர்சீலியில் டீ குடித்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். கிழக்கே கறுத்திருந்தால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். ஒருவர் "வேண்டாம்" என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும்; கேலி செய்யக் கூடாது. வெயில் ஏறியபின் திரளும் இடிமேகம் பெரும்பாலும் பிற்பகலுக்குமேல்தான் கொட்டும். எனவே காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் வீடு வந்து சேர்வது நல்லது.

நனைவதைவிட மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது. உடனே கான்கிரீட் கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். புளியமரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின்புதான் வெளியே வரலாம்.

மற்றவை சின்ன விஷயங்கள். ரிம் நனைந்தால் பிரேக் கட்டை சட்டென்று பிடிக்காது. முன்கூட்டியே அழுத்த வேண்டும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடு நனைந்தால் வழுக்கும். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவது பள்ளிக்கூட நாட்களோடு போகட்டும்.

இவ்வளவு மெனக்கெட்டுப் போக வேண்டுமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மேகப் படத்துக்கெல்லாம் ரத்து செய்தால் இந்த மூன்று மாதமும் போய்விடும். அடுத்து வரும் பங்குனி, சித்திரை வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவது?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஏழு பேராகத் தொடங்கினோம். ஒருவர் மகனோடு பெங்களூரு போய்விட்டார். ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. தபால் துறையில் இருந்த நண்பர் போன தை மாதம் காலமாகிவிட்டார். கடைசியாக அவர் எங்களோடு வருவதாக இருந்த ஞாயிறும் "அடுத்த வாரம்" என்று தள்ளிப்போனதுதான். அன்று தூறல்கூட விழவில்லை. வேலையில் இருந்த நாட்களில் தள்ளிப்போட்டது பிறகு நடந்தது. எழுபதை நெருங்கும்போது அப்படிக் கணக்குப் போட முடிவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கும் படம் வந்திருக்கிறது. இந்த முறை 50 சதவீதம், மஞ்சள் நிறம். மழைக்கோட்டும், செல்பேசிக்கு ஒரு பாலிதீன் பையும், பிரஷர் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் ஊரில் இப்படி நண்பர்களோடு போகிறவர்கள் மழைக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.