மூன்றரை மணி நேரம் யாருடையது?

சித்திரை நெருங்கினால் மும்பைத் தமிழர் தெருக்களில் ரசீதுப் புத்தகம் நடமாடத் தொடங்கிவிடும். தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், சீதா கேம்பிலும், மால்வணியிலும் வீட்டுக்கு வீடு வருவார்கள். அம்மன் கொடை என்பார்கள், ஆண்டு விழா என்பார்கள், கோடைக் கலை விழா என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் நம்முடையது. தோல் கிடங்கில் நிற்பவர் தருகிறார். விடியற்காலையில் இட்லிப் பாத்திரம் சுமப்பவர் தருகிறார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தருகிறார். தந்த பணத்துக்கு நமக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால் மட்டும் கமிட்டிப் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கேட்கத்தான் போகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் விழாவுக்கு எதிரிகள் அல்ல. இந்த ஊரில் திறந்த வெளியில் ஜனம் கூடி உட்கார நமக்குக் கிடைப்பதே ஏப்ரல், மே இரண்டு மாதம். ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை அப்போதுதான். ஊருக்குப் போய் வரலாம் என்றால் ரயிலில் இடம் எங்கே? முன்பதிவுக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களும் நம்மில் இருக்கிறோம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நாள் குறைந்ததே தவிர கூட்டம் குறையவில்லை. காலை 8 மணிக்குக் கவுண்டர் திறந்த சில நிமிடத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கும் திருநெல்வேலி வண்டிக்கும் வெயிட்டிங் லிஸ்ட் விழுகிறது. பெட்டி கட்டி வைத்திருந்த குடும்பங்கள் பெட்டியை அவிழ்க்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கு ஊர் என்பது அந்த ஆண்டு இந்தத் தெருக்கொடைதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அரசு நடத்தும் கோடை விழா சுற்றுலா வந்தவர்களுக்கு. இது போக வழியில்லாதவர்களுக்கு.

அதனால்தான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுகிறோம்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விளக்குப் போட்டு விழா தொடங்குவது ஆறரை மணி. ஆக, ஒரு நாளைக்கு நம் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். இந்த மூன்றரை மணியை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?

ஆறரை மணிக்கு வில்லுக்காரர்களை மேடையேற்றுகிறார்கள். எதிரே காலி நாற்காலிகளும், ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகளும். நம் ஆட்களோ அந்த நேரம் தாதரிலும் குர்லாவிலும் லோக்கல் வண்டியில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு மணிக்கு மேல்தான் வீடு திரும்பி, முகம் கழுவி, பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வந்து உட்காரும்போது வில்லும் குடமும் மூட்டைக்குள் போய்விடும். எட்டரைக்குச் சரவெடி. சிறப்பு விருந்தினர் வருகிறார். அவருக்குப் பொன்னாடை, அவரை அழைத்து வந்தவருக்குப் பொன்னாடை, அழைத்து வந்தவரின் மைத்துனருக்கும் பொன்னாடை. (ஒரு விழாவில் போர்த்திய துண்டே மறு விழாவில் போர்த்தப்படுவதாகச் சிலர் சொல்லுகிறார்கள். நாம் எண்ணிப் பார்த்ததில்லை.) அதன் பிறகு ஆர்க்கெஸ்ட்ரா. வீட்டுத் தொலைக்காட்சியில் கேட்ட அதே சினிமாப் பாட்டை இன்னும் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு, பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்ததும் எழுந்து போகிறோம்.

ராத்திரி முழுக்கப் பாடி விடியும்போது முடிக்க வேண்டிய கலை வில்லுப்பாட்டு. அதை நாற்காலிகளுக்குப் பாட வைத்து அனுப்பிவிட்டு, "பழைய கலைக்கு இப்போது ஆள் வருவதில்லை" என்று பேசுகிறார்களே, இது என்ன நியாயம்? ஆள் வரும் நேரத்தில் அதை வைத்துப் பார்த்தார்களா?

"இளவட்டங்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறார்கள், அண்ணாச்சி" என்பது அடுத்த பதில். கேட்கட்டும். சினிமாவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலர் இந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தன் பாட்டன் பேசிய பேச்சு, இழுத்துப் பேசும் நெல்லைச் சீமைப் பேச்சு, வேறு எந்த மேடையில் காதில் விழும்?

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் மலைப் பக்கத்துக் கதை. பார்ப்பனனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்கிறான். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்கிறான். மாமனார் வீட்டு மாட்டைக் களவாட வந்தவர்களோடு போராடிச் சாகிறான். நா. வானமாமலை போன்றவர்கள் ஏட்டிலும் வாயிலும் இருந்த இத்தகைய கதைகளைத் தேடி அச்சில் ஏற்றினார்கள். தாராவித் தமிழரில் பலருடைய தாத்தாக்கள் இந்த மண்ணுக்கு வந்ததே தோல் பதனிடும் வேலைக்கு. அந்தத் தெருவில் இந்தக் கதைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

வில்லில் பழங்கதைதான் பாட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். அதில் அவருக்குத் துணை நின்ற சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் நடுவே பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தோடு பாடிப் போனார். பிழைக்கப் போன இடத்தில் பாட்டு எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்களுக்கு அந்தத் தோட்டங்களே பதில்.

இங்கேயே, நம் பக்கத்திலேயே இருந்தவரைச் சொல்லுவோம். அண்ணாபாவ் சாட்டே. சாங்லி மாவட்டத்து வாடேகாவில் மாங்க் சாதியில் பிறந்து, நடந்தே மும்பை வந்தவர். பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள் என்பார்கள். மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தபோது அங்கிருந்த கொசுத் தொல்லையையே பாட்டாகக் கட்டினார். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். ஊரில் விட்டு வந்த மனைவியை நினைக்கும் தொழிலாளியின் ஏக்கத்தில் தொடங்கி, மும்பை யாருக்கு என்ற கேள்வியில் போய் நிற்கும் 'மாஜி மைனா' அவருடையது. நம் கொசு இன்னும் அதே கொசுதான். அதைப் பாட நமக்கு ஒரு வில்லுக்காரர் கிடைக்கவில்லையா, அல்லது அந்தப் பாட்டை மேடையில் இருக்கும் விருந்தினர் ரசிக்கமாட்டார் என்ற பயமா?

பயம்தான் என்கிறோம் நாம். தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் முடிவானது. அன்று முதல் தெருவில் பேச்செல்லாம் 350 சதுர அடி யாருக்கு, 2000 ஜனவரி 1-க்கு முன் இருந்ததற்குச் சீட்டு யாரிடம் என்பதுதான். பேச வேண்டிய பேச்சுத்தான். ஆனால் அடுக்கு மாடியில் ஏறிய பிறகு பந்தல் போடத் தெரு எங்கே? கும்பம் எடுத்து ஆடுகிறவருக்கு இடம் எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்கத் தோதான ஒரே மேடை கொடை மேடை. அதே மேடையின் பின்னால் கட்சிக்காரர் படமும் கான்டிராக்டர் படமும் போட்ட பேனர் கட்டியிருக்கிறது. பேனருக்குப் பணம் வாங்கிய கமிட்டி மைக்கில் கேள்வி கேட்குமா?

கலைஞர்களை நடத்தும் விதத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்பணம். நையாண்டி மேளக்காரருக்கும் கரகாட்டப் பெண்களுக்கும் "விழா முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்." ஆடுகிற பெண்ணின் உடையில் ரூபாய் நோட்டுக் குத்துகிறவனைத் தடுக்காத கமிட்டி, மறுநாள் "கரகாட்டம் ஆபாசமாகிவிட்டது" என்று அவளையே குறை சொல்லுகிறது. ஆபாசம் எந்தக் கையில் இருந்தது?

அவர்கள் இரண்டு இரவு ரயிலில் வந்து போகிறவர்கள். நாடக, இசை, நடனக் குழுக்கள் நிகழ்ச்சிக்குப் போய்வர ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை இருந்தது. கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். மாற்றுத்திறனாளி, நோயாளி, மாணவர் சலுகைகள் மட்டும் தப்பின. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. இதைக் கேட்டு ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு மனுவாவது அனுப்பிய விழாக் கமிட்டி உண்டா? பொன்னாடைக்கு ஓடியவர்கள் ஒரு தபால் தலைக்கு ஓடவில்லை.

இன்னொன்றும் உண்டு. சொன்னால் நம்மவர்களே முகம் சுளிப்பார்கள். ஒரே சந்தில் குடியிருந்தும், ஊர்க்காரர், சொந்த சாதிக்காரர் என்று பார்த்து வரி வாங்கும் வழக்கம் இங்கும் தொடர்கிறது. வரி வாங்கப்படாத குடும்பம் பந்தலுக்கு வெளியே நின்று பார்க்கிறது. லோக்கல் வண்டியில் ஒரே பிடியைப் பிடித்துத் தொங்கி வந்தவர்கள் கொடையில் மட்டும் வேறு வேறா? வாசல் வாசலாக வரி சேர்ப்பதிலும் பொங்கலிடுவதிலும் முன்னே நிற்கும் தாய்மார்கள் கமிட்டிப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. எட்டரை முதல் பத்து மணி வரை கலைஞர்களுக்கு. விருந்தினர் வந்தால் மகிழ்ச்சி, கீழே பாயில் நம்மோடு உட்கார்ந்து கேட்கட்டும். ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை ஒலிபெருக்கிக்கு மாநில அரசு தளர்வு தரலாம் என்று அதே விதிகளில் இருக்கிறது. கொடைக்கும் அதில் ஓர் இரவு கேட்டு எல்லாத் தெருக் கமிட்டிகளும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். வரவு செலவுக் கணக்கைக் கோயில் சுவரில், படிக்கத் தெரியாதவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி, விழா முடிந்த வாரத்துக்குள் ஒட்ட வேண்டும்.

தோழர்களே, தாய்மார்களே! ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு வருகிறவர் நம் பக்கத்து வீட்டுக்காரர்தான், சண்டை வேண்டாம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எந்த மணிக்கு மேடையில் யார் என்ற பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இன்னும் போடவில்லை என்றால், போட்ட பிறகு வரச் சொல்லுங்கள். வரிப் பணத்தை அன்றைக்கு எடுத்துக் கொடுக்கலாம்.