அயனிக்கும் ஓரிடம்



பாறசாலையிலிருந்து குளத்தூர் வழியாகப் பொழியூர் வரை போய்ப் பாருங்கள். புது வீடு என்றால் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல், ஓரத்தில் நாலு சட்டியில் குரோட்டன். பக்கத்திலேயே பழைய புரையிடம்: உயரத்தில் அயனியும் தென்னையும், கீழே பலா, முருங்கை, மரத்தைப் பற்றி ஏறிய நல்லமிளகு, நிழலில் சேம்பும் சேனையும் மஞ்சளும். காலநிலையைத் தாங்கும் தோட்டத்துக்கு உலகெங்கும் படம் வரைகிறார்கள். வரையட்டும், நமக்கு மாதிரி அடுத்த வீட்டு மதிலுக்குள்ளேயே நிற்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இருபுறமும் வாழையும் ரப்பரும் கூட்டமாகச் சாய்ந்தன. பல அடுக்குப் புரையிடத்திலும் மரம் விழும்தான். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு மிஞ்சும், ஒன்று போனாலும் இன்னொன்று சோறு போடும்.

அயனிச்சக்கை பழுத்தால் அணிலுக்கும் வௌவாலுக்கும் மரநாய்க்கும் விருந்து, கீழே விழுந்ததில் பிள்ளைகளுக்கும் பங்கு. பலகைக்காக வெட்டுகிறவர்கள் ஒரு கன்றாவது வைத்துவிட்டு வெட்டலாம்.

வேலியில் கருடக்கொடி இருந்தால் பிடுங்காதீர்கள். வைத்தியர்கள் ஈசுவரமூலி என்பது இதைத்தான். கறுப்பு முன்சிறகும் மஞ்சள் பின்சிறகுமாக, உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பறக்குமே, அந்தப் பொன்னழகி வண்ணத்துப்பூச்சி இந்த இனக் கொடிகளில்தான் முட்டையிடும். முள்முள்ளாகத் தெரியும் புழு இலையைத் தின்று, அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். (மருந்தென்று நீங்களும் வாயில் போட வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.) தின்னப்பட்ட கொடி மழையில் மறுபடி தளிர்க்கும், மருந்தடிக்கத் தேவையில்லை.

இனித் தண்ணீர். இடவப்பாதி, துலாமழை என இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மீனமாதத்தில் கிணறு வற்றுகிறது. தென்னைக்கு நடுவே குழி வெட்டி, கதம்பையை (தேங்காய் மட்டையை) குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணிட்டு மூடுங்கள். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு ஐந்தாறு வருடம் வேருக்குக் கொடுக்கும். காலையில் கூட்டிய சவறுக்கு, அதாவது சருகுக்கு, எதற்குத் தீ? மரமூட்டில் போடுங்கள். ஈரமும் நிற்கும், புழுவைக் கிளறச் செண்பகமும் தவிட்டுக்குருவியும் வரும்.

முற்றத்தில் கல் பதித்தே தீர வேண்டுமென்றால் வண்டி ஏறும் இடத்தோடு நிறுத்துங்கள்.

அடுத்த இதழுக்கு உங்கள் புரையிடத்தின் மரப்பட்டியல் வேண்டும். யார் நட்டது, எது காய்ப்பதில்லை, எதில் என்ன கூடு என்று ஒரு தபால் அட்டையில் எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்